கரை கடந்த குடும்பங்கள்

நுழையும்முன்

பிழைப்பு, பாதுகாப்பு, கல்வி எனப் பல காரணங்களால் மனிதர் நாடுவிட்டு நாடு செல்கின்றனர். எங்குச் செல்வது, எப்போது செல்வது என்பவற்றைப் பெரியவர்கள் முடிவுசெய்கின்றனர். குழந்தைகளோ கேட்கப்படாமலே உடன் செல்கின்றனர். ஆயினும் புதிய நாட்டின் மொழியையும் பழக்கத்தையும் முதலில் தமதாக்கிக் கொள்வோர் அக்குழந்தைகளே. புதியதைப் பெறும் குழந்தை தன் தாய்மொழியை இழந்துதான் ஆகவேண்டுமா? தமிழ்க் குடும்பங்களின் கடல்கடந்த வாழ்க்கையை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

முத்துக்கரையும் அக்கரையும்

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் ஆலந்தலை. உள்நாட்டுப் பக்கம் தேரி மணலும் பனைகளும் சூழ்ந்திருக்க, எதிரே மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. பழைய கொற்கையையும் தூத்துக்குடியையும் மணப்பாட்டையும் உள்ளடக்கிய இந்நெடுங்கரையை 'முத்துக்குளித்துறை' என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

இக்கரை மக்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதன்று. முத்துக்குளிப்பு நடைபெறும் பருவத்தில் முத்துக்குளிப்போரும் வணிகரும் மன்னார்க் கடலின் அக்கரையான இலங்கைக்குச் சென்று, கரையில் கூடாரமிட்டுச் சில வாரங்கள் தங்குவர். முத்துக்குளிப்பு முடிந்ததும் கூடாரங்கள் கலையும்; அவர்கள் ஊர் திரும்புவர். தூத்துக்குடியிலிருந்து பாய்விரித்த தோணிகள் சரக்குகளுடன் கொழும்புக்குச் சென்று திரும்பின. அவ்வழியே சென்ற வணிகர் சிலர் கொழும்பில் கடை வைத்தனர். பின்னர்க் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டனர். அவர்தம் வழியினரே இலங்கையின் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'பரதர்' எனத் தனிச் சமூகமாகக் குறிக்கப்பட்டவர்கள்.

ஒரே கடலைக் கடந்தவர்களுள் முத்துக்குளித்தவர் திரும்பினார். கடை வைத்தவர் தங்கினார். இவ்வேறுபாட்டை உண்டாக்கியவற்றுள் முதன்மையானது, குடும்பம் உடன் சென்றதா என்பதாகும்.

தனியாள் பயணமும் குடும்பப் பயணமும்

இலங்கை மலையகத்தின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குக் காப்பித் தோட்டங்கள் பெருகின. காப்பிப் பழம் பறிப்பது குறிப்பிட்ட சில மாதங்களுக்குரிய வேலை. ஆகவே தமிழகத்திலிருந்து பெரும்பாலும் ஆண்கள் சென்றனர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பி உழவுவேலையில் ஈடுபட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழித்தது. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. அதனைப் பறிப்பதில் பெண்களின் உழைப்பு பெரிதும் தேவைப்பட்டது. எனவே கணவன், மனைவி, பிள்ளைகள் எனக் குடும்பம் முழுவதும் குடிபெயர்ந்தது. பயிர் மாறியதால் பயணத்தின் தன்மையே மாறிற்று.

'லயம்' எனப்பட்ட வரிசை வீடுகளின் ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. தாய் மலையேறியதும் கைக்குழந்தைகளைப் 'பிள்ளைக்காம்பரா'வில் ஒரு மூதாட்டி பார்த்துக்கொண்டார். அங்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழகம் என்பது பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர். மலையகமே அவர்கள் அறிந்த ஊர்.

இருப்பினும், 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர் என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் உடன்பாடு கண்டன. 'தாயகம் திரும்பியோர்' என ஆவணங்கள் இவர்களைக் குறித்தன. ஆனால், மலையகத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தைக்கு நீலகிரியின் கூடலூரும் கோத்தகிரியும் முன்பின் காணாத அயலூர்களே. தாயகம் எது என்பதைப் பெற்றோரின் வேர் மட்டுமே முடிவுசெய்வதில்லை. குழந்தை வளர்ந்த இடமும் முடிவுசெய்கிறது.

காப்பிக்காலப் பயணத்துக்கும் தேயிலைக்காலப் பயணத்துக்கும் இடையிலான வேறுபாட்டை இன்றும் காணலாம். பாரசீக வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் பெரும்பாலும் தனியாகவே செல்கின்றனர். அந்நாடுகள் பலவற்றில் குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்குக் குறிப்பிட்ட அளவு வருமானம் வேண்டும். அயலவர் குடியுரிமை பெறுவது மிக அரிது. எனவே திரும்பும் நாளை எண்ணியே வாழ்க்கை அமைகிறது. கனடா, நார்வே, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குச் சென்ற தமிழரோ குடும்பத்துடன் வேரூன்றினர். அத்தகைய குடும்பங்களுள், கடலோடும் மீனோடும் தொடர்புடைய ஒரு பிரிவினரின் வாழ்வை இனிக் காண்போம்.

பனிக்கடல் ஓரத்தில்

நார்வே நாட்டின் வடகோடியில், வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் அமைந்த பகுதி ஃபின்மார்க். அதன் கடற்கரை ஊர்களுக்கு மீன்பிடித்தலே வாழ்வாதாரம். நவம்பர்ப் பிற்பகுதி முதல் ஜனவரிப் பிற்பகுதி வரை அங்குக் கதிரவன் எழுவதில்லை. கோடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் கதிரவன் மறைவதில்லை. வெயிலும் உப்புக்காற்றும் பழகிய தமிழர் அத்தகைய நிலத்திலும் குடியேறினர்.

தமிழருக்கும் நார்வேக்கும் இடையிலான உறவு ஒரு மீனவ நலத்திட்டத்தோடு தொடர்புடையது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் 1956இல் நார்வே சென்றார். அந்நாட்டின் மீன்பிடி நுட்பங்களைக் கண்ட அவர், அவை தம் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என விரும்பினார். நார்வே மக்களின் உதவியோடு 1967இல் 'சீ-நோர்' என்னும் அமைப்பு உருவாகி, யாழ்ப்பாணப் பகுதியில் மீன்பிடித்தொழிலை மேம்படுத்தும் பணிகளில் ஈடுபட்டது. அவர் காட்டிய வழியில் இளைஞர் சிலர் நார்வே சென்றனர். 1983ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த இனவன்முறைக்குப் பின்னர்ப் புகலிடம் நாடிப் பலர் சென்றனர். ஃபின்மார்க்கின் மீன் பதப்படுத்தும் கூடங்களில் ஆள் தேவை இருந்தது. 'காட்' மீனை முள் நீக்கித் துண்டமாக்கும் வேலையில் தமிழ் ஆண்களும் பெண்களும் சேர்ந்தனர். முதலில் தனியாகச் சென்ற இளைஞர்கள், காலப்போக்கில் மணம்புரிந்தும் மனைவி மக்களை வரவழைத்தும் குடும்பத்தினர் ஆயினர்.

அக்குடும்பங்களின் முதல் நாள்களை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் படிவத்தில் 'குடும்பப்பெயர்' என்னும் கட்டம் இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதும் தமிழ்க்குடும்பத்துக்கு அக்கட்டத்தில் எதை எழுதுவது என்பதே முதல் குழப்பம். தந்தையின் பெயரை எழுதினால், அதுவே குழந்தைக்குக் குடும்பப்பெயர் ஆகிவிடும்; தாத்தாவின் பெயரைத் தந்தை எழுதினால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பப்பெயர்கள் அமைந்துவிடும். 16ஆம் நூற்றாண்டு முதல் பர்னாந்து, பெரேரா, ரோட்ரிகோ என்னும் போர்ச்சுக்கீசியக் குடும்பப்பெயர்களைத் தாங்கிவரும் முத்துக்குளித்துறை மக்களுக்கு இக்குழப்பம் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அயல்தொடர்பு, இன்றைய அயல்வாழ்வில் இவ்வாறு எளிமை தருகிறது.

அடுத்தது மழலையர் பள்ளி. நார்வே மொழியில் அதன் பெயருக்குக் 'குழந்தைத் தோட்டம்' என்பது பொருள். பனி பெய்தாலும் குழந்தைகளை நாள்தோறும் வெளியே விளையாட விடுவது அந்நாட்டு வழக்கம். மழையில் நனைந்தாலே காய்ச்சல் வரும் என அஞ்சிய தாய்க்கு இது திகைப்பூட்டும். கதிரொளி குறைந்த நாட்டில் வைட்டமின் டி பற்றாக்குறை எளிதில் தோன்றும். கருநிறத் தோல் உடையோருக்கு அது மிகுதி. இதனை ஈடுசெய்யக் காட் மீனின் ஈரல் எண்ணெயைக் குழந்தைக்குக் கொடுப்பர். மீன் சமைத்துப் பழகிய குடும்பத்துக்கு மீன் மருந்தாகவும் அறிமுகமானது அந்நாட்டில்தான்.

பள்ளியில் மாணவர் ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைப்பர். 'நீ', 'நீங்கள்' என்னும் மரியாதை வேறுபாடு அன்றாட நார்வே மொழியில் வழக்கொழிந்துவிட்டது. அத்தை, சித்தி, பெரியம்மா ஆகிய மூவரையும் குறிக்க அம்மொழியில் ஒரே சொல்தான் உண்டு. பெற்றோருக்கு இவை மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். குழந்தையோ வகுப்பில் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கவும், வீட்டில் பெரியம்மாவைப் 'பெரியம்மா, வாங்க' என வரவேற்கவும் கற்றுக்கொள்கிறது. ஈருலகிலும் எது முறை என்பதைப் பெரியவர்களைக் காட்டிலும் விரைவாக அது உணர்கிறது.

வீட்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

புதிய நாட்டுக்குச் சென்ற சிறு குழந்தை முதல் சில மாதங்கள் வகுப்பில் பேசாமல் இருக்கலாம். இதனை அறிவுக்குறைவு என்றோ கூச்சம் என்றோ கருதக் கூடாது. அக்காலத்தில் அக்குழந்தை புதிய மொழியின் ஒலிகளையும் தொடர்களையும் கேட்டு உள்வாங்குகிறது. பின்னர் விளையாட்டுத் திடலில் பேசத் தொடங்குகிறது. சற்றேறக்குறைய இரண்டு ஆண்டுகளில் ஒத்த வயதினரோடு தடையின்றி உரையாடுகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். உரையாடும் திறன் வேறு. பாடநூலைப் படித்து உணர்ந்து, காரணம் காட்டி எழுதும் திறன் வேறு. முன்னதற்கு இரண்டு ஆண்டுகள் போதும் என்றால், பின்னதற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதைக் கனடாவின் டொராண்டோவில் பணியாற்றிய கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் எடுத்துக்காட்டினார். தாய்மொழியில் பெற்ற கருத்தறிவு இரண்டாம் மொழிக்கும் பயன்படும் என்பதும் அவர் கண்ட முடிபு. தமிழில் பின்னத்தைப் புரிந்துகொண்ட சிறுவன் நார்வே மொழியில் அதனை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. அதற்குரிய சொற்களைக் கற்றால் போதும். எனவே, 'புதிய மொழி வரவேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்துங்கள்' என்னும் அறிவுரைக்கு அடிப்படை இல்லை.

குழந்தை மொழியை விரைந்து கற்பதால் வீட்டில் அதன் இடம் மாறுகிறது. வங்கிக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்வதும், மருத்துவரிடம் தாயின் நோயை விளக்குவதும், பள்ளிக் கூட்டத்தில் ஆசிரியர் கூறுவதைத் தந்தைக்கு எடுத்துரைப்பதும் பத்து வயதுப் பிள்ளையின் பொறுப்பாகின்றன. தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலையும் நேர்கிறது. இப்பொறுப்பு அப்பிள்ளைக்குத் தன்னம்பிக்கை தருவதுண்டு. வயதுக்கு மீறிய சுமையாவதும் உண்டு. மருத்துவமனை, நீதிமன்றம் போன்ற இடங்களில் குழந்தையை இடைநிறுத்தாமல், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதே முறை. பெற்றோர் புதிய மொழியை ஓரளவேனும் கற்பது வேலை தேடுவதற்கு மட்டுமன்றித் தம் பிள்ளையைப் பிள்ளையாகவே வளரவிடுவதற்கும் தேவையாகிறது.

மொழி நிலைப்பதும் நீங்குவதும்

குடிபெயர்ந்தோர் மொழி தேய்வதற்கு ஒரு பொதுவான போக்கு உண்டு. முதல் தலைமுறை தாய்மொழியில் வாழ்கிறது. இரண்டாம் தலைமுறை இரு மொழிகளும் அறிகிறது. ஆனால் உடன்பிறந்தோர் தமக்குள் புதிய மொழியில் பேசத் தொடங்குகின்றனர். மூன்றாம் தலைமுறைக்குத் தாத்தா பாட்டி பேசுவது புரிவதில்லை. மொழியியலறிஞர் ஜோஷுவா ஃபிஷ்மன், ஒரு மொழியைக் காப்பதில் பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு வீட்டிலேயே மொழி கையளிக்கப்படுவது அடிப்படையானது என வலியுறுத்தினார்.

முதலில் தேய்பவை சூழலோடு ஒட்டிய சொற்கள். ஆலந்தலைச் சிறுவன் காற்றைப் பெயர் சொல்லி அறிவான்; வாடைக்காற்று, கொண்டல், கச்சான் என ஒவ்வொன்றுக்கும் திசையும் பருவமும் உண்டு; அன்று கடலுக்குப் போகலாமா என்பதும் அதனுள் அடங்கும். வள்ளத்தையும் வலையையும் காணாத ஊரில் வளரும் பிள்ளைக்கு இவை வெறும் ஒலிகள். அடுத்து உறவுப்பெயர்கள் சுருங்கும். இறுதியில் 'கேட்டால் புரியும். பேச வராது' என்னும் நிலை வரும்.

இப்போக்கு எல்லா நாடுகளிலும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. ஆலந்தலைக்கு எதிர்க்கரையான இலங்கையின் மேற்குக் கடற்கரையில், நீர்கொழும்பு முதல் புத்தளம் வரை வாழ்ந்த மீனவருள் பலர் தமிழ் பேசியவர்கள். 20ஆம் நூற்றாண்டில் அப்பகுதிப் பள்ளிகளில் பயிற்றுமொழி சிங்களமாக மாறியது. பிள்ளைகள் பள்ளியில் சிங்களம் கற்று வளர்ந்தனர். அவர்கள் பெற்றோரானபோது வீட்டுமொழியும் சிங்களமாயிற்று. கடலும் தொழிலும் மாறவில்லை. பள்ளி மாறியதால் மொழி மாறியது.

தென்னாப்பிரிக்காவின் நிலை வேறு. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்தம் வழியினர் இன்றும் கோயில்களையும் விழாக்களையும் பெயர்களையும் காத்து வருகின்றனர். ஆயினும் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே ஒலிக்கிறது. பண்பாட்டு அடையாளம் நிலைத்த இடத்திலும் மொழி நீங்கலாம் என்பதற்கு இது சான்று.

மலேசியாவில் 1816இல் பினாங்குப் பள்ளி ஒன்றில் தமிழ் வகுப்பு தொடங்கியது. பின்னர்த் தோட்டங்களில் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்று அங்கு 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இயங்குகின்றன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் தலைமுறை பல கடந்தும் தமிழ் வாழ்வதற்கு இப்பள்ளிகளே அரண். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் அது கற்பிக்கப்படுகிறது. இருந்தும், அங்கு வாழும் இந்தியருள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காடாக இருந்து 2020இல் 29.2 விழுக்காடாகக் குறைந்துள்ளனர். பள்ளி தாங்கினாலும் வீடு கைவிட்டால் மொழி மெலியும்.

இந்நான்கு சான்றுகளையும் ஒருசேர நோக்கினால், வீடு, பள்ளி, சுற்றம் ஆகிய மூன்றும் கைகோக்கும் இடத்தில் மொழி நிலைக்கிறது என்பது விளங்கும். நார்வேயின் 1998ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வியை அளிக்க இடமளித்தது. ஆயினும் அவர்கள் நார்வே மொழியில் பாடங்களைத் தொடரும் திறன் பெறும்வரைதான் அவ்வுதவி கிடைத்தது. அதற்குமேல் தமிழைக் காக்கும் பொறுப்பு பெற்றோரிடமே இருந்தது. வாரநாள்களில் வேலை செய்த தாய்தந்தையர் வார இறுதியில் தமிழ் வகுப்புகளை நடத்தினர். ஃபின்மார்க்கில் வேலையும் வீடும் இருந்தும், பல குடும்பங்கள் பின்னாளில் தலைநகர் ஓஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியும், கூடிப் பழகத் தமிழ்ச்சுற்றமும் வேண்டும் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. பிள்ளையின் மொழிக்காகவும் ஒரு குடும்பம் இரண்டாம் முறை இடம்பெயரும் என்பதை எண்ணும்போது, தாய்மொழியின் மதிப்பு நமக்கு விளங்குகிறது.

நம் வகுப்பறையில் ஓர் அயல்மொழிக் குழந்தை

இதுவரை கரை கடந்து சென்றோரைக் கண்டோம். நம் கரைக்கு வந்தோரையும் காண வேண்டும். தமிழ்நாட்டின் கட்டுமானப் பணிகளிலும் ஆலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் முதலிய மாநிலத்தவர் பணிபுரிகின்றனர். முதலில் தனியாக வந்த இளைஞர் சிலர் இப்போது மனைவி மக்களுடன் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் பள்ளிகளில் பேசாமல் அமர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். ஃபின்மார்க்கில் பேசாமல் அமர்ந்திருந்த தமிழ்க்குழந்தையின் நிலையே இவர்களுடையதும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்க இயலாது. சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். உள்ளே வந்த குழந்தையை அருகில் அமர்த்திக்கொள்வது உடன் பயிலும் மாணவர் கையில் உள்ளது.

அக்குழந்தையின் பெயரைச் சரியாக ஒலிக்கக் கற்பது முதற்பணி. இடைவேளையில் விளையாட அழைப்பது அடுத்தது. புதிய மொழி முதலில் கால்கொள்வது விளையாட்டில்தான். அதன் மொழியிலிருந்து தண்ணீர், சோறு, கடல் என்பவற்றுக்குரிய சொற்களைக் கேட்டு அறிவது மூன்றாவது. தன் மொழிக்கு இங்கு மதிப்புண்டு என்பதை உணரும் குழந்தை நம் மொழியை விரும்பிக் கற்கும். அயல்நாட்டில் தம் பிள்ளைகள் தமிழை இழக்கக் கூடாது என விரும்பும் நாம், நம்மிடம் வந்த குழந்தை ஒடியாவையோ இந்தியையோ வங்கத்தையோ இழக்காமல் தமிழைப் பெறத் துணைநிற்பதே நேர்மை.

நாளை உங்களுள் சிலர் மேற்படிப்புக்கும் பணிக்கும் கடல் கடக்கக்கூடும். அங்கேயே குடும்பம் அமைக்கவும் கூடும். அப்போது அந்நாட்டின் மொழியைப் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர். தமிழை நீங்கள்தாம் கொடுக்க வேண்டும். உண்ணும்போதும் உறங்கவைக்கும்போதும் உரையாடும் மொழியாக அது வீட்டில் இருக்குமானால், பாட்டியின் குரலைத் தொலைபேசியில் கேட்கும் பேரக்குழந்தை மறுமொழி சொல்லும்.

தெரிந்து தெளிவோம்

கடல்கடந்து வாழ்ந்த தமிழரின் முயற்சியால் உருவானதே அச்சேறிய முதல் தமிழ்நூல். 'கார்த்தில்யா' என்னும் அந்நூல் 1554ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் அச்சிடப்பட்டது. தமிழ்த் தொடர்கள் ரோமன் எழுத்துகளில் அமைந்த அந்நூலை ஆக்குவதில் தமிழர் மூவர் பங்கேற்றனர். தமிழ் எழுத்துகளில் அச்சாகிக் கிடைக்கும் முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய அன்றீக்கு அடிகளார் முத்துக்குளித்துறையில் பணியாற்றித் தமிழ் கற்றவர்.

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் டாக்கா நகரில் வங்கமொழி உரிமைக்காகப் போராடியோர் உயிர்நீத்தனர். அவர்கள் நினைவாக அந்நாளை உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது.

சொற்பொருள்

தேரி – செம்மணல் மேடு
கொண்டல் – கிழக்கிலிருந்து வீசும் காற்று
வாடை – வடக்கிலிருந்து வீசும் காற்று
கச்சான் – மேற்கிலிருந்து வீசும் காற்று
லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு
பிள்ளைக்காம்பரா – தோட்டத்தின் குழந்தைகள் காப்பிடம்
அரண் – பாதுகாப்பு

இலக்கணக் குறிப்பு

வேண்டிய நிலை – பெயரெச்சம்
வாடைக்காற்று – இருபெயரொட்டுப் பண்புத்தொகை
தாய்தந்தையர் – உம்மைத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

வளர்ந்தனர் = வளர் + த் (ந்) + த் + அன் + அர்
வளர் – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து அயல்நாடு சென்று வாழும் குடும்பத்தினர் ஒருவரிடம் உரையாடி, அவர்தம் குழந்தைகள் வீட்டிலும் பள்ளியிலும் பேசும் மொழிகளைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.
2. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் காற்று, மழை, கடல், நிலம் ஆகியவை குறித்து வழங்கும் சொற்கள் இருபதைத் தொகுத்துப் பொருளுடன் எழுதுக.

பயிற்சி

பலவுள் தெரிக

1. தேயிலைத் தோட்டங்கள் குடும்பக் குடியேற்றத்துக்கு வழிவகுத்ததற்குக் காரணம்
அ) கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுதல் ஆ) ஊதியம் மிகுதல் இ) இலைநோய் நீங்குதல் ஈ) பள்ளிகள் பெருகுதல்

2. பொருந்தாத இணையைத் தேர்க.
அ) பினாங்கு – 1816 ஆ) துரூரோ – 1860 இ) சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் – 1974 ஈ) கார்த்தில்யா – 1554

குறுவினா

1. முத்துக்குளித்துறை மக்களின் குடும்பப்பெயர் அயல்நாட்டில் எவ்வாறு எளிமை தருகிறது?
2. புதிய பள்ளியில் குழந்தை சில மாதங்கள் பேசாதிருப்பதை எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும்?

சிறுவினா

1. 'உரையாடும் திறன் வேறு. பாடம் கற்கும் திறன் வேறு' – விளக்குக.
2. குழந்தை வீட்டின் மொழிபெயர்ப்பாளராவதன் நன்மை தீமைகளை எழுதுக.

நெடுவினா

வீடு, பள்ளி, சுற்றம் ஆகிய மூன்றும் இணையும்போதே மொழி நிலைக்கும் என்பதை நீர்கொழும்பு, தென்னாப்பிரிக்கா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றைச் சான்றுகாட்டி நிறுவுக.